எஸ்தர் டீச்சர் வீட்டுக்காரரும் நாஸ் பெட்டியும்

கம்ப்யூட்டர் கடையில் ஆசைப்பட்டு வாங்கும் சாமான்கள் நிறைய இருக்கின்றன. பயத்துக்காக மட்டும் வாங்கும் சாமான் ஒன்றுதான், அதற்கு நாஸ் பெட்டி என்று பெயர்.

பார்க்கச் செருப்புப் பெட்டி அளவில் இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் மாட்டி வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாருடைய போனிலும் இருக்கிற போட்டோ, வீடியோ எல்லாம் அதில் போய்ச் சேர்ந்துவிடும். வேண்டும்போது டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம். போன் தொலைந்தாலும் படம் தொலையாது. சேலையூர் கேம்ப் ரோட்டில் பிரபு தம்பியின் கடையில் இதை விற்கிற கவுண்டரில்தான் வசந்தாவாகிய நான் நிற்கிறேன். தம்பி மெஷினைப் பார்ப்பார், நான் ஆட்களைப் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேஸை மூடினோமா இல்லையா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஊர்க் கவலையையெல்லாம் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? கவுண்டருக்குப் பின்னால் நின்று, வந்தவர்களின் கவலையையும் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எத்தனை டி.பி. கொள்ளும், எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. “எது தொலைஞ்சா தாங்க மாட்டீங்க?”

உருவிக் காட்டுதல்

ஒரு டிஸ்க் போடுகிற பெட்டியும் உண்டு, இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியும் உண்டு. இரண்டு போட்டால் ஒன்றில் இருப்பதேதான் மற்றதிலும் இருக்கும். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். டி.வி.யில் சினிமா ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரபு தம்பி பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் சடக்கென்று உருவிக் கையில் காட்டுவார். படம் நிற்காது. வந்தவர் வாயைத் திறந்தபடி நிற்பார். வியாபாரம் முடிந்துவிடும்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் புது மனைப் பிரிவில் வீடு கட்டியிருந்த ஒரு தம்பி அப்படித்தான் வாங்கிப் போனார். ஆஸ்பத்திரியில் பையன் பிறந்த நிமிஷத்திலிருந்து எடுத்த வீடியோவெல்லாம் அதில் ஏற்றிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால், கடையில் பார்த்த வித்தையைச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு டிஸ்க்கை உருவினார், படம் ஓடியது, எல்லாரும் கை தட்டினார்கள். திரும்ப மாட்டினார். மாட்டிய டிஸ்க்கில் எல்லாம் மறுபடி ஏறி முடிய மணிக்கணக்காகும். அதுவரைக்கும் பெட்டியைத் தொடக் கூடாது. அதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் வந்து, “நான் பாக்கலையே மாப்ள” என்றிருக்கிறார். மாப்பிள்ளை இந்தத் தடவை எல்லாம் இருந்த அடுத்த டிஸ்க்கை உருவிவிட்டார்.

பிரபு தம்பி எவ்வளவோ போராடிப் பார்த்தார். பெரும்பாலானவை திரும்பி வந்தன. பையன் பிறந்து முதலில் அழுத வீடியோ மட்டும் வரவில்லை. அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் மனைவி பையனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “முதல் அழுகைதான்க்கா போச்சு. அதுக்கப்புறம் அழுத அழுகையெல்லாம் பத்திரமா இருக்கு.”

ஒரே மேஜை

அனகாபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் முருகன். ஆற்றங்கரைப் பக்கத்துத் தெரு. கம்ப்யூட்டரை மேஜை மேலும் நாஸ் பெட்டியை அதே மேஜைக்கு அடியிலும் வைத்திருந்தார். மழைக்கு ஆற்றில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வந்தபோது முதலில் பெட்டி முழுகியது, அப்புறம் கம்ப்யூட்டர் முழுகியது. தண்ணீர் வடிந்த பிறகு சோறு வடிக்கிற குண்டானில் இரண்டையும் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரபு தம்பி மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து சேறு வழிந்து கவுண்டர் கண்ணாடி மேல் ஓடியது. நான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

முருகன் தன் நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தெருவில் ஒருவருக்கு அப்பா தவறிவிட்டாராம். ‘எங்க கல்யாண வீடியோல அப்பா சிரிச்சிக்கினு இருப்பாரு, அதுலேர்ந்து ஒரு படம் எடுத்துக் குடு, மாலை போடணும்’ என்று அந்த ஆள் தினமும் வந்து வாசலில் நிற்கிறாராம். “ஒரு காப்பிய வேற ஊர்ல வெச்சிருக்கக் கூடாதாப்பா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, என் வாய் அப்படி. அவர் குண்டானைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: “எங்க தெருல அல்லாரும் கல்யாணம் பண்ணிக்கினு நல்லாத்தான் கீறாங்கக்கா. எவன் கல்யாணத்துக்கும் சாட்சிதான் இல்ல.”

எத்தனாவது படிக்கிற?

அதன் பிறகு நான் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். பெட்டி வாங்குகிற யாராக இருந்தாலும் இன்னொரு காப்பியை வேறு ஊரில், வேறு யார் வீட்டிலாவது வைத்தே ஆக வேண்டும். வைத்தாகிவிட்டது என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் போன் போட்டுத் தொல்லை கொடுப்பேன். “அக்கா, ஆளுங்க பெட்டியைத் திருப்பிக் குடுத்துடப் போறாங்க” என்று பிரபு தம்பி சலித்துக்கொள்வார்.

தேவசகாயம் சார் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கேம்ப் ரோட்டைக் கடந்து வந்தார். அந்த அம்மா எஸ்தர் டீச்சர், பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர். கனடாவில் இருக்கிற மகன் ஆல்பர்ட், போனில் இருக்கிறதையெல்லாம் நாஸ் பெட்டியில் ஏற்றி டி.வி.யில் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒரு டிஸ்க் பெட்டியா, இரண்டு டிஸ்க் பெட்டியா என்று சார் கேட்டார். நான் என் கேள்வியைக் கேட்டேன். எது தொலைந்தால் தாங்க மாட்டீர்கள்?

அவர் டீச்சரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏற்கெனவே தொலைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. இவளுக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. மகனைத் தெரியல. இப்ப என்னையும் அப்பப்ப தெரியல. பழசையெல்லாம் பார்த்தா என்னையாவது தெரிஞ்சுப்பாளான்னுதான்” என்றார். நான் இரண்டு டிஸ்க் பெட்டியை எடுத்து வைத்தேன்.

டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனாவது படிக்கிற?” என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல அவசியம் வரவில்லை. “எட்டாவது டீச்சர்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, விரலை நீட்டிச் சொன்னார்: “நல்லா படி. நடுவுல நிறுத்திடாத.”

ஏதாவது சொல்லுங்க

வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்குப் பெட்டி மாட்டப் போகும்போது நானும் கூடப் போவேன். தம்பி ஒயரைப் பார்த்துக்கொள்வார். ரிமோட்டில் எதை அழுத்தினால் எது வரும் என்று நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். சாருடைய போன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதில் இருந்ததையெல்லாம் பெட்டியில் ஏற்றிவிட்டு போனைக் காலி செய்து கொடுத்தார் தம்பி.

டி.வி.யில் போட்டோம். மகன் கல்யாணம் வந்தது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பஸ்ஸைப் பார்ப்பது போல டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சார் ஒவ்வொன்றுக்கும், “இது யாரு, சொல்லு பார்ப்போம்” என்றார். கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் பெயர் வைக்காத ஒரு வீடியோ தானாக ஓடியது. வெறும் தரை, செருப்பு போட்ட இரண்டு கால், அவ்வளவுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் தரைதான். “இது எடுக்குதா இல்லையா, ஒண்ணும் தெரியலயே” என்று டீச்சரின் குரல் மட்டும் கேட்டது. பிறகு படம் மெதுவாக மேலே ஏறியது. சார் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “ஏங்க, புது போன். ஏதாவது சொல்லுங்க.” “என்னத்தச் சொல்ல? சட்னியில உப்பு இல்ல.” “ஆமா, அதை ஊருக்கே சொல்லுங்க!” என்று ஒரே சிரிப்பு. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனைப் பிடித்திருந்தவரை நேராகப் பார்த்துத் தானும் சிரித்தார். வீடியோ முடிந்தது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமே மாறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரின் முழங்கையைத் தொட்டு, வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: “சார், அவர்தான் எங்க வீட்டுக்காரர். கடைக்குப் போயிருக்கார். உக்காருங்க, இப்ப வந்துடுவார்.”

கரண்ட்

அதற்கப்புறம் சார் அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தார். அந்த வீடியோ முடிந்ததும் டீச்சர், “எங்க போயிட்டார்?” என்று தேட ஆரம்பித்துவிடுகிறாராம். முடிந்ததுமே திரும்ப முதலிலிருந்து தானாகவே ஓடும்படி தம்பி செய்துகொடுத்தார். அது சரியாகிவிட்டது. ஆனால் கரண்ட் போனால் டி.வி.யும் பெட்டியும் சேர்ந்து நின்றுவிடும். டீச்சர் கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களையெல்லாம் பார்ப்பாராம். கூப்பிட்டால் வர மாட்டாராம். கூப்பிடுகிறவர் யார் என்று அவருக்குத் தெரிந்தால்தானே வருவதற்கு.

யு.பி.எஸ். ஒன்று மாட்டப் போனோம். அந்த வேலையோடு, தம்பி பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தார். டீச்சரின் தங்கை லில்லி கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். அவர் வந்து அதை வாங்கிப் போகிற வரைக்கும் நான் சாரை விடவில்லை. யு.பி.எஸ்.ஸில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சேர்த்து லைன் கொடுக்கவா என்று தம்பி கேட்டார். அப்படிக் கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுமா என்று சார் கேட்டார். தீரும் என்றார் தம்பி. “அப்ப வேண்டாம் தம்பி. நாங்க இருட்டுல வேர்த்துக்கிட்டு உக்காந்துக்கறோம். அவர் மட்டும் போயிடக் கூடாது.”

மகன் செய்த சுத்தம்

நாஸ் பெட்டியில் இன்னொரு வசதி, உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். மகன் ஆல்பர்ட் கனடாவிலிருந்து அடிக்கடி பார்ப்பாராம். அப்பாவுக்குத் தேட லேசாக இருக்கட்டும் என்று ஒரு நாள் உட்கார்ந்து ஒழுங்கு செய்திருக்கிறார். ஒரே மாதிரிப் படங்கள், மங்கலானவை, தெரியாமல் பட்டன் அழுந்தி எடுத்தவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைக்கூடையையும் காலி செய்துவிட்டார். நாமே வீட்டை ஒழிக்கும்போது அப்படித்தானே செய்கிறோம்.

காலையில் சார் கடைக்குப் போன் செய்தார். “அந்த வீடியோவைக் காணோம்மா” என்றார், டீச்சர் யாரையோ கூப்பிடுகிற சத்தம் பின்னால் கேட்டது. நாங்கள் போனபோது டீச்சர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். இட்லி தொடாமல் அப்படியே மேஜையில் இருந்தது. சார் ஷேவ் செய்யவில்லை, சட்டை போடவில்லை, பனியனோடு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். “ரெண்டு டிஸ்க் இருக்கே தம்பி, இன்னொண்ணுல இருக்குமே” என்றார். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதுகிற பெட்டி, ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழித்துவிடும். தம்பி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

அதற்குள் ஆல்பர்ட் போனில் வந்தார். சார் வாங்கிப் பேசவில்லை; ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார். லில்லி அம்மா வீட்டில் ஒரு காப்பி இருக்கிறது, அவருக்குச் சொல்லியாகிவிட்டது, ரயில் ஏறிவிட்டார், பயப்படாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. “வெறும் தரையும் காலும்தான் இருந்துச்சு, யாரோ தெரியாம எடுத்ததுன்னு நெனச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டார்: “இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்திருந்தா அப்பா முகம் வந்திருக்கும், இல்லக்கா?”

முகச்சாடை

லில்லி அம்மா வந்து சேர்ந்தார். ஹார்ட் டிஸ்க்கைப் பட்டுப் புடவை மடிப்புக்குள் சுற்றி, புடவையோடு அப்படியே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிரித்ததும் கூடம் முழுக்க அந்துருண்டை வாசனை. எனக்கு அந்தச் சின்னப் பொருளைக் கையில் வாங்கவே பயம். ரயிலில் நசுங்கியிருக்குமோ, பீரோ வெக்கையில் கெட்டிருக்குமோ, அந்துருண்டையே ஏதாவது செய்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே தம்பியிடம் நீட்டினேன். தம்பி மாட்டினார். எல்லாம் இருந்தது.

டி.வி.யில் தரை வந்தது. கால் வந்தது. லில்லி அம்மா அக்காவைக் கேட்டிலிருந்து மெல்ல அழைத்து வந்து சாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். “ஏதாவது சொல்லுங்க.” “சட்னியில உப்பு இல்ல.” டீச்சர் சிரித்தார். வீடியோவில் சிரிக்கிற அவர் குரலோடு இந்தச் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அந்த நேரம் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள சார் கண்ணாடியைக் கழற்றினார். டி.வி.யிலும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

டீச்சர் டி.வி.யைப் பார்த்தார். திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி டி.வி.யைப் பார்த்தார். லில்லி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “முகச்சாடை அப்படியே இருக்கே” என்றார் டீச்சர். “நீங்க அவருக்கு அண்ணனா?”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆமாம்மா. அண்ணன்தான்” என்றார். “அப்ப சாப்பிடாம போகக் கூடாது, அவர் வந்தா என்னைத் திட்டுவார்” என்று டீச்சர் எழுந்து போய், ஆறிப்போன இட்லித் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்து டீச்சரும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது சார் எங்களோடு கேட் வரைக்கும் வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர்தான் கேட்டைச் சாத்திக்கொண்டே, சிரிக்கிற மாதிரி சொன்னார்: “நேத்து வரைக்கும் நான் யாரோ ஒரு சார். இன்னைக்குக் குடும்பத்துல சேர்த்துட்டா, வசந்தாம்மா.”

எது தொலைந்தால் தாங்க மாட்டீர்கள் என்று கவுண்டரில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் தொலைந்த பிறகும் தாங்கிக்கொண்டு ஆறிப்போன இட்லியைச் சாப்பிட உட்காருகிறவர்களுக்கு எத்தனை டி.பி. போதும் என்று எந்தக் கம்பெனியும் அட்டைப் பெட்டியில் அச்சடித்துத் தருவதில்லை.